நீலகிரி குடித்த கிணறு

எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் மரங்களைப் பற்றி ஒரு பாடம் உண்டு. மரம் மழை தரும், மண்ணைக் காக்கும், நிலத்தடி நீரைப் பெருக்கும் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஆந்திராவில், சித்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில், தமிழ் செக்‌ஷனில், அந்தப் பாடத்தை நான் வருஷா வருஷம் நடத்தினேன். தமிழ்ப் புத்தகம் வந்து சேர்வதற்குள் அரைப் பரீட்சை முடிந்துவிடும். அதுவரை தெலுங்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், நான் தலையாட்டுவேன். ஜன்னலுக்கு வெளியே மழையும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. அதைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை, நானும் பேச்சை எடுத்ததில்லை. மார்க் வந்தால் போதும் என்ற அளவுக்கு எல்லோருமே களைத்துப் போயிருந்தோம்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு தை மாதம், விஞ்ஞான டீச்சர்களைத் திருப்பதிக்கு ட்ரெயினிங்குக்கு அழைத்தார்கள். மலைக்கு மொட்டையடிக்கப் போகிறவர்கள் அடைத்துக்கொண்ட பஸ்ஸில் நின்றபடியே போய்ச் சேர்ந்தேன். வகுப்பெடுத்தவர் ஒரு தெலுங்கு லெக்சரர், நல்ல மனிதர். பிள்ளைகளுக்குப் பரிசராலு தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தன்னைச் சுற்றி இருப்பதுதான் பரிசராலு. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே கூட்டிப் போங்கள், கண்ணால் பார்க்கட்டும், கையால் தொடட்டும் என்றார். வெயில் அடிக்கிறதென்று ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுத்தான் இதைச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் சுற்றுப்புறத்தில் ஏதாவது ஒரு விஷயத்தைத் தாங்களே ஆராய்ந்து சொல்ல வேண்டும், வருஷ முடிவுக்குள் ஒவ்வொரு பள்ளியும் அதைச் செய்தாக வேண்டும் என்பது உத்தரவு. திரும்பி வரும்போது சந்திரகிரி தாண்டும்வரை எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. சாமான் எதுவும் வாங்காமல் எதை ஆராயலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கிணறு இருந்தது, கயிறும் வாளியும் இருந்தன. அதுவே போதும் என்று முடிவு செய்தேன். ஆசையால் எடுத்த முடிவு அல்ல, சோம்பலில் எடுத்தது.

அந்தக் கிணறு விடுதிப் பெண்களுக்கானது. பாலசமுத்திரம், குடுபல்லி என்று தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் அந்த விடுதியில் தங்கிப் படித்தார்கள். குளிக்க, துவைக்க, சமைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கிணறுதான். தெருமுனையில் போட்டிருந்த கைப்பம்பு துருவையும் காற்றையும்தான் கொடுத்தது. இரண்டு வருஷமாகக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. விடியும் முன்பே முறை வைத்து இறைத்தார்கள். ஒருத்தி குளிக்கிற நாளில் அடுத்தவள் முகம் மட்டும் கழுவினாள். முதல் பீரியடிலேயே பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொருகும். தூங்குகிறவளைத் திட்ட எனக்கு மனசு வராது, எனக்கே கொட்டாவி வரும்.

மாசி மாதத்தில் வார்டனம்மா ஸ்டாஃப் ரூமுக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். விடுதிக் கமிட்டி கூடிப் பேசியிருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் விடுதியைத் திறப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. வார்டனம்மா கெட்டவர் அல்ல. ஆனால் அவரும் அலுத்துவிட்டார்.

“இத்தினி பொண்ணுங்கள வச்சிக்கினு தண்ணிக்கு நான் எங்க டீச்சர் போறது? அதது அது வூட்டுல இருந்துக்கட்டும்” என்றார்.

வீட்டில் இருந்துகொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் நின்றவள் திரும்பப் படிக்க வந்ததை நான் பார்த்ததில்லை. குடுபல்லிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். நெட்டையாக இருப்பாள், பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டே இருப்பாள், நேரம் காலம் தெரியாமல் கேள்வி கேட்பாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளே வந்து சொன்னாள்.

“ஆஸ்டல் மூடிட்டா என்னை மாமனுக்குக் கட்டிக் குடுத்துருவாங்க டீச்சர். நைனா சொல்லிட்டாரு.”

அழுதுகொண்டு சொல்லவில்லை. நாளைக்கு லீவு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இனி அந்த மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் வனமகோத்சவம் வரும், எல்லாப் பள்ளிகளிலும் கன்று நடுவார்கள். எங்கள் சபையில் அதற்கு ஒரு வழக்கம் சேர்ந்துகொண்டது. அந்த வருஷம் யார் வீட்டில் சாவு நடந்ததோ அந்த வீட்டார் வந்து, இறந்தவரின் ஞாபகார்த்தமாகப் பள்ளிக் காம்பவுண்டில் ஒரு கன்று நடுவார்கள். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் வந்து ஜெபம் பண்ணி அந்தக் கன்றைப் பிரதிஷ்டை செய்வார். அடியில் ஒரு சிமெண்ட் கல் வைத்துப் பெயரும் ஒரு வசனமும் எழுதுவார்கள். ஆரம்பத்தில் வேம்பும் புங்கையும் வைத்தார்கள். ஆடு தின்றுவிட்டது. செத்தவர் இரண்டாம் முறையும் போய்விட்டதாக வீட்டார் வருத்தப்பட்டார்கள். பிறகு ஃபாரஸ்ட் நர்சரியில் நீலகிரிக் கன்று சும்மாவே கொடுக்க ஆரம்பித்தார்கள். தைலமரம் என்பார்களே, அதுதான். அதை ஆடு தொடாது. மளமளவென்று வளர்ந்து இரண்டு வருஷத்தில் கூரையைத் தாண்டும். அன்றிலிருந்து எங்கள் சபையில் யார் கண்ணை மூடினாலும் நீலகிரிதான். தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று எல்லோரும் கிணற்றைச் சுற்றியே நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரவர் மரத்துக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போவார்கள். சபையிலிருந்து போனவர்களெல்லாம் கிணற்றைச் சுற்றி வட்டமாக நின்றார்கள்.

பிள்ளைகளிடம் முதலில் ஒரு சின்ன வேலைதான் கொடுத்தேன். காலையில் முதல் வாளி தண்ணீரைத் தொட்டதும், விளிம்புக்கு நேராகக் கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டச் சொன்னேன். வாரம் ஒரு துண்டு. மாசி முடிவதற்குள் துண்டுகள் ஒன்றுக்கொன்று நன்றாகவே விலகிவிட்டன. மழை இல்லை, அதனால் தண்ணீர் இல்லை, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். குடுபல்லிப் பெண்தான், அப்படியென்றால் ரோட்டுக்கு அந்தாண்டை இருக்கும் கிணற்றிலும் தண்ணீர் இருக்கக் கூடாதே என்றாள். அது ஒரு வேர்க்கடலைக் கொல்லை. எங்கள் கிணறு போலவேதான் அந்தக் கிணறும், ஆழமும் ஏறக்குறைய அதே ஆழம். சொந்தக்காரர் தெலுங்குக்காரர். பிள்ளைகள் தெலுங்கில் கேட்டதும் சிரித்துக்கொண்டே கயிறு இறக்கச் சொல்லிவிட்டார். அங்கே தண்ணீர் இருந்தது. நிறைய இல்லை, ஆனால் வாளி மூழ்குகிற அளவுக்கு இருந்தது. எங்களுடையதில் வாளி சாய்ந்து சேற்றை அள்ளியது.

அடுத்த வாரம் வாளியில் வேர் வந்தது. சிவப்பும் பழுப்புமாக, சிக்குப் பிடித்த தலைமுடி போலப் பொதியாக இருந்தது. பிள்ளைகள் அருவருத்துத் தூக்கிப் போட்டார்கள். குடுபல்லிப் பெண் அதை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தாள். எட்டிப் பார்த்தபோது கிணற்றுச் சுவரின் கல் இடுக்குகளிலிருந்து வேர்கள் நுழைந்து தண்ணீர் இருக்கும் இடத்துக்கு இறங்கியிருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரம் நிலத்தடி நீரைப் பெருக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்தானே. அப்போது ஒருத்தி கேட்டாள், பரீட்சையில் எதை எழுதுவது என்று.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பரீட்சையில் புக்கில் இருப்பதை எழுது, மார்க் வேண்டுமல்லவா என்றேன். அப்புறம் அந்த முகங்களைப் பார்த்துவிட்டு, புக் எழுதியவர் நம் கிணற்றைப் பார்த்ததில்லை, மரம் என்றால் எல்லா மரமும் ஒன்றல்ல, எந்த மரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், மழை குறைந்ததும் ஒரு காரணம், வேர் இறங்கியதும் ஒரு காரணம், எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது என்றேன். டீச்சருக்கே தெரியாது என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு ஒருத்தியும் தூங்கவில்லை. எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியதில் அந்த ஒரு நாள்தான் எனக்கு நடத்தியது போல இருந்தது.

பிறகு வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். சுவரோரம் தோண்டி, வேரைப் பிடித்துக்கொண்டே போய், எந்தெந்த மரத்தின் வேர் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி இறங்கும் மரத்துக்குச் சுண்ணாம்பில் ஒரு வளையம் போட வேண்டும். வனமகோத்சவத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வளையத்தைக் கமிட்டியிடம் காட்டி, இந்த மரங்களை எடுத்தால் கிணறு பிழைக்கும், விடுதியும் பிழைக்கும் என்று கேட்பது என் திட்டம். கேட்பது சுலபமில்லை என்று தெரியும். ஒவ்வொரு மரமும் யாரோ ஒருவரின் தகப்பன், யாரோ ஒருவரின் மனைவி. ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்ததில் கோடாலி வைப்பதா என்பார்கள்.

பள்ளிக்கூட வேலை முடிந்த ஒரு சாயங்காலம், பார்க்கப் போனேன். கிணற்றடியில் ஈ காக்கை இல்லை. வெள்ளை வளையங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் வளையம் இல்லை. அது கிணற்றுக்கு எல்லாவற்றையும்விடப் பக்கத்தில் நின்ற மரம், எல்லாவற்றையும்விடத் தடித்த மரம். என் கணவரின் மரம்.

முதலில் பிள்ளைகள் சரியாகப் பார்க்கவில்லை என்றே நினைத்தேன். குனிந்து பார்த்ததும் புரிந்தது. கிணற்றுச் சுவரிலிருந்து அந்த மரம் வரை நீளமாக மண் புதிதாக இருந்தது. தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு மூடி, மிதித்து, மேலே சருகைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத கிணற்றிலிருந்து ஒரு கை நீர் எடுத்து அந்த மண்ணின் மேல் தெளித்துக்கூட இருந்தார்கள், தோண்டியது தெரியாமல் இருக்கட்டும் என்று.

அடுத்த நாள் குடுபல்லிப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பின்னலைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெரிய வேர் எல்லாமே அந்த மரத்துடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள்.

“அது டீச்சர் வூட்டு மரம் டீச்சர். நாங்க எல்லாரும் பேசிக்கினோம். மத்தத எடுத்தாப் போதும்.”

அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. டீச்சரின் மரத்தை விட்டுவிட்டு எங்கள் மரத்தை மட்டும் வெட்டச் சொல்கிறாளா என்று சபையார் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டேன். அதன்பின் ஒரு மரத்தையும் தொட விடமாட்டார்கள், விடுதி போகும், நீயும் போவாய் என்றேன். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால், இத்தனை நாள் கயிறு இறக்கியதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும் சொன்னேன். அவள் போய்ச் சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்தாள். அந்த வளையத்தை நானே போட்டேன்.

அது முடிந்தது. வீட்டில்தான் முடியவில்லை.

என் கணவர் இறந்து அப்போது ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சிறுநீரகம் கெட்டு உடம்பெல்லாம் வீங்கிப் படுத்திருந்தார். தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மூச்சு முட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரோ தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினார். பங்குனி வெயில் வேறு. என்னிடம் கேட்டுப் பலிக்காமல் தன் அம்மாவிடம், என் அத்தையிடம், கேட்டார். அத்தை டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டேன். அதற்கு மறுநாள் என் கணவர் போய்விட்டார். நான் செய்தது சரி. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் அத்தை அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியது கொஞ்சம்தான்.

அந்த ஆடியில் கன்று நடும்போது கிணற்றுக்கு ஒட்டினாற்போல இடம் பார்த்துக் கொடுத்தவர் அத்தைதான். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊற்றினார்கள். அத்தை தினமும் சாயங்காலம் போய்த் தன் கையாலேயே இறைத்து ஊற்றினார். விடுதிப் பெண்கள் நான் இறைக்கிறேன் ஆயா என்று வந்தாலும் விடமாட்டார். பாட்டியை எங்கள் பக்கம் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். மரம் அவ்வளவு தடித்ததற்கும் வேர் அவ்வளவு தூரம் போனதற்கும் காரணம் எனக்குத் தெரியும். அதை எந்தப் பரிசராலு வகுப்பிலும் சொல்ல முடியாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். கிணறு வற்றுகிறது, வேர் உள்ளே இறங்கியிருக்கிறது, நம் மரம்தான் முதலில், விடுதிப் பெண்கள் படிப்பு போய்விடும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். வகுப்பில் சொல்வது போலவே இருந்தது. நான் முடித்த பிறகு அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கும் நீதான் அவனுக்குத் தண்ணி குடுக்காதேன்னு என் கையப் புடிச்ச. இன்னிக்கும் நீதான் வந்து சொல்ற.”

அவ்வளவுதான். எழுந்து போய்ப் படுத்துவிட்டார். சோற்றை மூடி வைத்துவிட்டு நானும் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் கமிட்டியாரும் மரம் வைத்த வீட்டாரும் கிணற்றடிக்கு வந்தார்கள். பிள்ளைகள் துணித்துண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் காட்டினார்கள், எதிர்க் கொல்லைக் கிணற்றைச் சொன்னார்கள், மூடிய மண்ணைத் திரும்பத் தோண்டி வேரைக் காட்டினார்கள். குடுபல்லிப் பெண் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசினாள். மழை பெய்யாததற்கு மரத்தின் மேல் பழி போடுகிறீர்கள் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். மழையும் ஒரு காரணம்தான் ஐயா, நாங்கள் இல்லையென்று சொல்லவில்லை என்று அவள் பதில் சொன்னாள். ஐயர் சங்கடத்தோடு நின்றார், அவர் ஜெபம் பண்ணி வைத்த மரங்கள் அல்லவா. முதலில் என் வீட்டு மரத்தை வெட்டுங்கள் என்று நான் சொன்னதும் பேச்சு அடங்கியது. விதவை தன் மரத்தைக் கொடுக்கும்போது தான் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. மனசாரக் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டு குடும்பங்கள் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டன.

கோடை லீவில் விறகு மண்டியிலிருந்து ஆட்கள் வந்து வெட்டினார்கள். வளையம் போட்ட மரங்கள் அத்தனையும் விழுந்தன. சுவரோரத்து வேர்களைத் தோண்டி எடுத்து, கல் இடுக்குகளைப் பூசி, தூர் வாரினார்கள். பெயர் எழுதிய கற்களை மட்டும் பிடுங்காமல் விட்டார்கள். அத்தை வெட்டும்போது வரவில்லை. நான் போய் நின்றேன். நாள் முழுவதும் தைல வாசனை, தலைவலி. சாயங்காலம் வீடு திரும்பியபோது புடவையெல்லாம் அந்த வாசனைதான். அத்தை என்னைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூனில் விடுதியைத் திறந்தார்கள். அந்த வருஷம் கோடை மழையும் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. தண்ணீர் ஏறியது மரத்தை வெட்டியதாலா, மழையாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளிடமும் அப்படியே சொன்னேன். குடுபல்லிப் பெண் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியதைப் பார்த்தபோது, எதனால் ஏறியிருந்தால் எனக்கென்ன என்று இருந்தது. அவளுடைய நைனா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

வெட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். விஞ்ஞான டீச்சர் என்று பெயர்தான், நீலகிரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அது ஒரு வெட்டில் சாகிற மரமில்லை. ஆடி பிறப்பதற்குள் அடிக்கட்டையைச் சுற்றி நீல நிறத்தில் துளிர்கள் கிளம்பிவிட்டன. விட்டால் ஒன்றுக்குப் பதில் நாலாக வளரும். மற்றக் கட்டைகளில் துளிர்ப்பதை விடுதிப் பெண்கள் ஒடித்துப் போட்டார்கள். எங்கள் கட்டையைத் தொட அவர்களுக்குத் தயக்கம். அதனால் வாரா வாரம் பள்ளி விட்டதும் நானே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போவேன். தைலம் மணக்கும் அந்தத் துளிர்களை ஒவ்வொன்றாக அறுத்து எடுப்பேன். மறு வாரம் அதே இடத்தில் அதைவிடத் தெம்பாக வந்திருக்கும். கட்டையின் அடியில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். அத்தை தினமும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. நான் அறுப்பது அவருக்குத் தெரியும், அவர் ஊற்றுவது எனக்குத் தெரியும். வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துத் தின்றோம், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாள் கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருக்கும். செத்துப்போன மனிதரைத் திரும்பத் திரும்ப அறுக்கிற வேலையை எவள் செய்வாள் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். செய்யாவிட்டால் வேர் மறுபடியும் இறங்கும். அதனால் செய்தேன்.

அடுத்த கோடையில் தண்ணீர் திரும்பவும் கொஞ்சம் கீழே போனது. முந்தைய வருஷம் போல் இல்லை, ஆனாலும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டி வந்தது. அப்படி ஒரு சாயங்காலம் நான் கத்தியோடு போனபோது, கட்டையில் ஒரு துளிர்கூட இல்லை. யாரோ அடியோடு ஒடித்து, கல்லின் பக்கத்தில் குவித்து வைத்திருந்தார்கள். கத்தியால் அறுத்தது அல்ல, கையால் ஒடித்தது. கட்டையைச் சுற்றி மண் காய்ந்திருந்தது.

குடுபல்லிப் பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. நீங்கள் யாராவது ஒடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

“உங்க வூட்டு ஆயாதான் டீச்சர். ரொம்ப நேரம் நாங்க தண்ணி சேந்தறதப் பாத்துக்கினு குந்தினு இருந்தாங்க. அப்புறம் எழுந்துபோய் அவங்களே ஒடிச்சாங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க டீச்சர். ‘எம் புள்ளைய இனிமே அவ அறுக்க வேணாம், நானே பாத்துக்கறேன்’னு.”

கத்தியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அத்தை அடுப்படியில் இருந்தார். அவர் விரல் நுனியெல்லாம் நீலகிரிப் பிசின் கறுத்துப் போயிருந்தது. நான் கத்தியைக் கழுவி அடுப்படியிலேயே வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டையின் பக்கம் நான் போகவில்லை.